‘எது வரும் டீச்சர்?’: தரம் 10இல் எட்டு வாரக் கவிதைப் பாடம், ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாந் தவணை தொடங்கிய கிழமை தரம் 10 பிள்ளைகளின் தமிழ்க் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மாணவியின் கொப்பி. நல்ல கையெழுத்து, எப்போதும் நல்ல புள்ளி. மூன்று கவிதைகளுக்கு நயம் எழுதியிருந்தாள். மூன்றுக்கும் ஒரே நயம்: ‘எளிய சொற்களால் ஆனது. ஓசை நயம் மிக்கது. உவமை சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது.’ மூன்றாவது கவிதையில் உவமையே கிடையாது.

அவளைக் கூப்பிட்டு, “இந்த மூன்றிலயும் உமக்கு எது பிடிச்சது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எது வரும் டீச்சர்?” என்றாள். சோதனைக்கு எது வரும் என்று கேட்கிறாள். கேலியில்லை, மழுப்பலும் இல்லை. என் கேள்வி அவளுக்கு அப்படித்தான் விளங்கியிருந்தது.

அன்று இரவு என்னை நித்திரை கொள்ள விடாதது வேறொன்று. அந்த மூன்று வசனங்களும் என்னுடையவை. முந்தின தவணையில் நான் சொல்லச்சொல்ல அவள் எழுதிய குறிப்பிலிருந்து எடுத்தவை. அவள் என்னை நம்பிப் பாடமாக்கியிருக்கிறாள்.

இந்த எழுத்து அந்த வகுப்போடு அதன் பிறகு நான் எட்டு வாரம் செய்ததைப் பற்றியது. பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழ் படிப்பிக்கிற மற்றவர்களுக்கு உதவினால் சந்தோசம்.

வகுப்பு

பாடசாலை திருகோணமலை நகருக்குள், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில். பெயர் இங்கே வேண்டாம். வகுப்பில் 33 பேர். சைவப் பிள்ளைகள் கூட, அடுத்து கத்தோலிக்கப் பிள்ளைகள், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து நகரில் குடியிருக்கும் குடும்பங்களின் முஸ்லிம் பிள்ளைகள் நான்கு பேர். கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அரச உத்தியோகத்தர், கடைக்காரர், ஓட்டோ ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருமே பின்னேரம் ரியூசனுக்குப் போகிறவர்கள். தமிழ் இலக்கிய நயம் என்ற தனிப் பாடத்தை எடுத்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே இவர்களுக்குக் கவிதை என்பது, தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சைக்கு எல்லாரும் படிக்க வேண்டிய ‘தமிழ் மொழியும் இலக்கியமும்’ பாடத்துக்குள் வருகிற ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ஒரு பாடவேளையை அளந்து பார்த்தது

என்ன பிழை என்று ஊகிப்பதைவிடப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதிபரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, வழக்கமாக நான் எடுக்கிற ஒரு கவிதைப் பாடத்தைக் கைபேசியில் பதிவுசெய்தேன். நாற்பது நிமிடம். வீட்டில் போய் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டேன்.

அந்த நாற்பது நிமிடத்தில் கவிதை இரண்டே இரண்டு தடவைதான் வாய்விட்டு ஒலித்திருக்கிறது. ஒரு தடவை நான் வாசித்தேன். இன்னொரு தடவை முன்வரிசை மாணவன் ஒருவன், பேருந்து வரிசையில் நிற்கிறவன் மாதிரி அவசரப்பட்டு வாசித்தான். மிச்சம் முழுக்க நான்தான். பதவுரை, பொழிப்பு, அணி, ஆசிரியர் குறிப்பு. கடைசிப் பதினைந்து நிமிடம் பேனை ஓடுகிற சத்தம். பிள்ளைகள் கேட்ட கேள்விகள் மொத்தம் மூன்று: ‘டீச்சர், இது புதுப் பக்கத்தில எழுதுறதா?’, ‘றூளர் அடிக்கிறதா?’, ‘திரும்பச் சொல்லுங்க.’

பொருளை நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், ஆகவே பாட்டில் கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பதிவைக் கேட்டு எனக்கு விளங்கியது இது ஒன்றுதான். அதனால் மாற்றியதும் இதை ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமைப் பாடவேளையைக் கவிதைக்கு ஒதுக்கினேன். புதிய பாட்டு எடுக்கிற முதல் வெள்ளி, பேனையும் கொப்பியும் மேசைக்கு மேலே வரக்கூடாது. பாட்டு குறைந்தது பத்துத் தடவை வாயில் வர வேண்டும். ஒரு பிள்ளை கேட்கும்வரைக்கும் எந்தச் சொல்லுக்கும் நான் பொருள் சொல்வதில்லை.

தெரிந்த பாட்டு

முதலில் எடுத்தது திருஞானசம்பந்தரின் கோணேசர் பதிகம், முதல் பாட்டின் பின்பாதி. மூன்றாந் திருமுறையில் வருவது. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. கரும்பலகையில் பிரித்து எழுதினேன்:

கரைகெழு சந்தும் காரகிற் பிளவும்
அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்
கோணமா மலைஅமர்ந் தாரே

இதை எடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பல சமயப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. தமிழ்ப் பாடவேளை சமய பாடமாகிவிடக் கூடாது. கடைசியில், கடலைச் சொல்கிற அடிகளை மட்டும் எடுத்தேன். “இது எங்கட ஊர்க் கடலைப் பற்றின பழைய பாட்டு. வழிபாடாகப் பாடச் சொல்ல மாட்டன். சொல்லை மட்டும் கேட்பம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முஸ்லிம் பிள்ளைகளிடம் இடைவேளையில் தனியாகவும் கேட்டேன். “பாட்டுத்தானே டீச்சர், பிரச்சினையில்ல” என்றார்கள்.

பிரச்சினை வந்தது நான் நினைத்திராத பக்கத்திலிருந்து. சைவப் பிள்ளைகளுக்கு இந்தப் பதிகம் சின்ன வயதிலிருந்தே பாடம். கரும்பலகையைப் பார்த்ததும் இராகத்தோடு தொடங்கிவிட்டார்கள். நான் நிறுத்தி, “இராகம் வேண்டாம், பேசுற மாதிரிச் சொல்லுங்க” என்றேன். ஒருவருக்கும் வரவில்லை. பலகையைப் பார்த்தே தடுமாறினார்கள். ‘காரகிற் பிளவும்’ என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாரும் விழுந்தார்கள். பத்து வருடமாக வாயிலிருந்த பாட்டில் தனித்தனிச் சொற்கள் இருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிகிறது என்று தோன்றியது.

முதல் கேள்வி இந்தப் பாட்டை முன்பின் பாடியிராத ஒருவனிடமிருந்து வந்தது. கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். “டீச்சர், கடல் குரைக்குமா?”

வகுப்பு சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று விட்டேன். “குரைக்குமோ? நீங்களே சொல்லுங்க” என்றேன். ஒருத்தி, “நாய்தானே குரைக்கும்” என்றாள். திருக்கடலூர்ப் பக்கமிருந்து வருகிற ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “மாரிக்கு இராவில குரைக்கும் டீச்சர். எங்கட வீட்டுக்குக் கேட்கும்.” அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பழந்தமிழில் குரை என்றால் ஒலி, இன்றைக்கு அது நாய்க்கு மட்டும் மிஞ்சிப்போய்விட்டது என்பதை நான் அப்போதுதான் சொன்னேன். அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கேட்ட பிறகு சொல்கிற பொருளுக்கு அவ்வளவு நேரம் போதும்.

அவன் அதோடு விடவில்லை. சந்து என்றால் சந்தனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். “சந்தனக்கட்டையும் அகிலும் எங்கட கரையில ஒதுங்காதே. நான் பார்த்ததேயில்லை. பொய்யா எழுதியிருக்கிறாரா?” இது நான் எதிர்பார்க்காத நல்ல கேள்வி. சம்பந்தர் இங்கே வந்து பாடவில்லை, இராமேச்சரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு என்று சொன்னேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பார்க்காத கடலைப் பாடலாமா, கூடாதா? மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, மகாவலி வெள்ளத்துக்குக் கொட்டியாரக் குடாவில் பெரிய மரமெல்லாம் அடித்துக்கொண்டு வரும், சந்தன மரமா என்று யார் பார்த்தது என்றாள். பாட்டில் வருகிற நித்திலத்துக்கு, அதாவது முத்துக்கு, நான் ஒரு தகவல் கொடுத்தேன்: முத்து என்றதும் மன்னாரைத்தான் நினைக்கிறோம், ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் தம்பலகாமக் குடாவிலும் ஒருவகைச் சிப்பியிலிருந்து முத்தெடுத்திருக்கிறார்கள். தம்பலகாமத்தில் பாட்டி வீடுள்ள ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். மணி அடித்துவிட்டது. விடை கிடைக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

சுளகு

அடுத்த வெள்ளி ‘கொழிக்கும்’ என்ற சொல்லில் நின்றோம். அகராதிப் பொருள் எனக்குத் தெரியும், தெள்ளுதல், ஒதுக்குதல் என்று. சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அதனால் பாடசாலையில் பகலுணவு சமைக்கிற அக்காவிடம் போய்ச் சுளகைக் கேட்டேன். அவர் சுளகை மட்டும் தராமல் கையைத் துடைத்துக்கொண்டு தானும் வந்தார். கல் கலந்த ஒரு பிடி அரிசியும் கொண்டு வந்தார்.

முதலில் புடைத்துக் காட்டினார். அரிசி மேலே எழும்பி விழ, உமி பறந்தது. “இது புடைக்கிறது. இது வேற” என்றார். பிறகு சுளகைச் சற்றுச் சரித்துப் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்குமாக மெல்ல ஆட்டினார். அரிசி ஒரு பக்கம் நழுவிப் போக, கல் பின்னால் தங்கியது. திரும்ப ஆட்ட, திரும்பவும் பிரிந்தது. “இதுதான் கொழிக்கிறது.”

அந்தச் சத்தம்தான் என் மனதில் நிற்கிறது. சர்ர் என்று ஒரு பக்கம் போய், ஒரு கணம் நின்று, சர்ர் என்று திரும்பும். வகுப்பு அசையாமல் இருந்தது. பின்வாங்கிலிருந்து ஒருவன் சொன்னான்: “டீச்சர், இது டச்சுபேயில அலை திரும்பிப் போகேக்க வாற சத்தம்.”

கடல் ஒரு சுளகு. அலை அதை ஆட்டுகிறது. கனத்தது கரையில் தங்குகிறது, மணல் நழுவிப் போகிறது. இந்தப் பாட்டை ஐந்து வயதிலிருந்து பாடுகிறேன், பதினேழு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்கும் அன்றைக்குத்தான் அந்த அடி கண்ணில் தெரிந்தது. அவர்களுக்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டேன். ‘டீச்சருக்கும் இன்றைக்குத்தான் தெரியும்’ என்பது அவர்களுக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளி முன்பாதியையும் எழுதிவிட்டு, அடிகளின் தொடக்கத்தை மட்டும் சொல்லச் சொன்னேன்: நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல். மூன்றாந் தடவை சொல்லும்போதே ஒருத்தி கத்தினாள், “ரை, ரை, ரை, ரை!” எதுகை என்ற சொல் அவர்களின் இலக்கணக் கொப்பியில் தரம் 8இலிருந்தே இருக்கிறது. ஆனால் அது இலக்கணக் கொப்பியில் இருக்கிற ஒன்று, பாட்டில் இருக்கிற ஒன்றல்ல. அன்று அவர்களே, நான் சொல்லாமலே, கடைசி அடியில் குரை, கொழிக்கும், கோண என்று ககரம் மோதி மோதி வருவதையும் பிடித்தார்கள். அதற்குப் பெயர் மோனை என்று சொல்லும் வேலை மட்டும் எனக்கு மிச்சம்.

கடல் குரைக்குமா என்று கேட்டவனைப் பற்றி இன்னொன்று. அவன் வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். இந்த அடியை எப்படிச் சொல்வது என்று கேட்டபோது, கரைவலை இழுக்கும்போது அப்பா ஆட்கள் சொல்கிற அம்பாப் பாட்டு மாதிரிச் சொல்லலாமா என்றான். சரி என்றேன். நான்கு சீருக்கு முன்னால் சாய்ந்து இழுத்தான், மூன்று சீருக்கு விட்டான். ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்’ இழுப்பு, ‘கோணமா மலைஅமர்ந் தாரே’ விடுப்பு. நான்கும் மூன்றுமாக அடி உடைவதைப் பலகையில் கோடு போட்டு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். அவனுடைய தோளில் பார்த்த மாதிரி ஒருநாளும் தெரிந்ததில்லை. வகுப்பு முழுக்க எழும்பி நின்று இல்லாத வலையை இழுத்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் பாவோதல், அதாவது மேடையில் கவிதை சொல்கிற போட்டி, பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்த்தினப் போட்டிக்குப் பல வருடம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். குரல் நல்ல ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, ஏற்ற இறக்கம், கையசைவு எல்லாம் சொல்லிக் கொடுத்து மேடையேற்றுவோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஒரு குரலைக் கேட்டுக் கேட்டு, மற்ற 32 பேரும் கவிதை சொல்வது தங்கள் வேலையில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் பாவோதல் குரலை அனுமதிக்கவில்லை. தனியாக எழும்பிச் சொல்லக் கூச்சப்பட்ட இரண்டு மாணவிகள் இருந்தார்கள். அவர்கள் கடைசிவரைக்கும் பக்கத்திலிருந்த தோழியின் காதுக்குள்தான் சொன்னார்கள். அதுவும் வாய்விட்டுச் சொல்வதுதான்.

விடை இல்லாத பாட்டு

ஐந்தாவது வாரம் புதுக்கவிதைக்கு வந்தோம். 1939இல் இதே திருகோணமலையில் பிறந்த கவிஞர் பிரமிளின் ‘காவியம்’. சில சின்ன வரிகள். சிறகை விட்டுப் பிரிந்த ஓர் இறகு, காற்றில், ஒரு பறவையின் வாழ்க்கையை எழுதிக்கொண்டு போகிறது. வேறொன்றும் இல்லை. கடினமான சொல் ஒன்றுகூட இல்லாததால் ‘டீச்சர், இதுக்கு என்ன கருத்து?’ என்று கேட்கச் சாக்கும் இல்லை.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருத்தி, “பறவை செத்திட்டுதா டீச்சர்?” என்றாள். “இல்ல, இறகு உதிர்ந்தா பறவை சாகாது” என்றான் கோழி வளர்க்கிற ஒருவன். “அப்ப ஏன் காவியம்? உயிரோட இருக்கிற ஆளுக்குக் காவியம் எழுதுவாங்களா?” அது இருபது நிமிடம் போனது. எழுதுகிறது இறகா, காற்றா என்று ஒரு சண்டை. இடையில், யோசித்துத்தான் பேசுகிற ஒரு மாணவி சொன்னாள்: “எங்கட மாமாட ஒரு சேட்டு அலுமாரியில இருக்கு. அம்மா அத எடுத்து மணந்து பார்ப்பா. அது மாதிரியா?” மாமா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் அதை ஒருவரும் கேட்பதில்லை. நான் “ஓம் மகள், அது மாதிரியும்தான்” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாடம் முடிகிற நேரம், முதலில் சொன்ன அந்த நல்ல கையெழுத்துப் பிள்ளை எழும்பினாள். “டீச்சர், முடிவா விடை என்ன? கொப்பியில ஒண்டும் இல்லையே.” முகத்தில் உண்மையான பயம் இருந்தது. அடுத்த கிழமை ஒரு தாயார் வந்தார். ரியூசனில் மற்றப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் முடிந்துவிட்டது, என் பிள்ளையின் கொப்பி வெறுமையாக இருக்கிறது என்றார். கோபமாகப் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயம். சாதாரண தரப் பெறுபேற்றில்தான் பிள்ளையின் அடுத்த இரண்டு வருடமும் தங்கியிருக்கிறது. ‘கவிதையை அனுபவிக்க வேண்டும்’ என்று நான் அவருக்கு விரிவுரை செய்ய முடியாது.

அதனால் ஆறாவது வாரத்திலிருந்து ஒரு மாற்றம் செய்தேன். ஒரு பாட்டுக்கு மூன்று பாடவேளை. முதலாவதில் பேனை இல்லை. இரண்டாவதில் அவர்கள் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் பலகையில் ஒழுங்குபடுத்துவோம். மூன்றாவதில் அதைச் சோதனை கேட்கிற வடிவத்தில் எழுதுவோம். குறிப்பு வரும், கடைசியில் வரும், அவர்கள் பேசியதிலிருந்து வரும். நேரம் கூடத்தான் பிடித்தது. உரைநடைப் பகுதியில் ஒரு பாடம் பின்தங்கி, இரண்டு சனிக்கிழமை வகுப்பு வைத்துத்தான் ஈடுகட்டினேன். எட்டு வாரத்தில் ஆறுதலாக எடுக்க முடிந்தது மூன்று பாட்டு மட்டுமே. மூன்றாவது, முஸ்லிம் மாணவி ஒருத்தி தன் மூத்தம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த நாட்டார் கவி. அவள் சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாடத்துக்கு என் பக்கத்திலிருந்து ஒன்றும் தேவைப்படவில்லை.

என்ன மாறியது

தவணைச் சோதனையில் வகுப்பின் சராசரி பெரிதாக மாறவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. மாறியது நயம் எழுதுகிற கேள்விக்கான விடைகள். முந்தின தவணையில் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் என்னுடைய அந்த மூன்று வசனங்கள் இருந்தன. இந்தத் தடவை பாதிப்பேருக்கு மேல் பாட்டிலிருந்து ஒரு சொல்லையாவது எடுத்துக்காட்டி, அது ஏன் அந்த இடத்தில் வந்தது என்று எழுதியிருந்தார்கள். சில விடைகள் பிழை. ஆனால் ஒருவர் எழுதியது மாதிரி மற்றவர் எழுதவில்லை. பதினேழு வருடத்தில் இப்படியொரு விடைத்தாள் கட்டை நான் திருத்தியதில்லை.

அம்பா சொன்ன பையன் தன் தாளில் ‘குறைகடல்’ என்று எழுதியிருந்தான். வல்லின றகரம். அவனுடைய புள்ளியும் ஏறவில்லை. கவிதை காதுக்குள் போவது ஒன்று, கை எழுதப் பழகுவது வேறொன்று, அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும். செய்துகொண்டிருக்கிறேன். கடல் குறைந்தால் வேறு பொருள் வந்துவிடும் என்று அவனிடம் சொன்னபோது, “அப்ப வத்துக்கடலா டீச்சர்?” என்றான். அந்த ஒரு எழுத்தை அவன் இனிப் பிழைவிட மாட்டான் என்று நினைக்கிறேன்.

கடைசி வாரம், எதுகை வைத்து இரண்டு வரி எழுதச் சொன்னேன். கட்டாயமில்லை, புள்ளியும் இல்லை. 33 பேரில் 20 பேர் எழுதினார்கள். இரண்டை இங்கே தருகிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டு (கோட்டைமான் என்பது எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கம் திரிகிற மான்):

வலையில் ஏறிய நெத்தலி நூறு
உலையில் ஏறியது ஒருபிடிச் சோறு

கோட்டைமான் வந்து கடைத்தெருவில் நின்றது
கேட்டுப்பார்த்தேன், பொலித்தீன் பையைத் தின்றது

முதலாவதில் பிடிபட்ட மீனுக்கும் வீட்டுச் சோற்றுக்கும் இடையில் ஒன்றும் சொல்லாமல் விட்டிருப்பதைப் பாருங்கள். எழுதிய பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “அதுக்கு மேல எழுதினா அப்பாக்குக் கவலையா இருக்கும்” என்றாள்.

எங்கள் பாடசாலையில் தரம் 9 எடுக்கிற ஆசிரியை மூன்றாந் தவணையில் இதைச் செய்து பார்க்கப் போகிறார். என்னிடமிருந்த பதிவுகளையும் பாடத் திட்டத்தையும் கொடுத்தேன். தன் வகுப்பில் கடற்கரைப் பிள்ளைகள் குறைவு, ஆகவே தாலாட்டிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னார். முதலில் தன்னுடைய ஒரு பாடவேளையைப் பதிவுசெய்து கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். போன கிழமை கேட்டிருக்கிறார். அவருடைய நாற்பது நிமிடத்தில் பாட்டு ஒரு தடவைதான் ஒலித்திருக்கிறது.

நல்ல கையெழுத்துப் பிள்ளை இப்போதும் “எது வரும் டீச்சர்?” என்றுதான் கேட்கிறாள். தவணைச் சோதனையில் ‘கொழிக்கும்’ பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். அதில் சமையல் அக்காவின் கை எந்தப் பக்கம் சரிந்தது என்பதும் இருந்தது.